யார் பேசறது?

போனை எடுத்ததும் நாம் கேட்கிற முதல் கேள்வி எது? 'ஹலோ'வை விட்டுவிடுங்கள், அது கேள்வியில் சேராது. அதற்கு அடுத்தது. 'யார் பேசறது?'

யோசித்தால் இது லேசுப்பட்ட கேள்வி இல்லை. 1902-ல் திருவண்ணாமலையில் சிவப்பிரகாசம் பிள்ளை என்கிற அன்பர், மௌனமாக இருந்த இளம் ரமணரிடம் போய் ஏறக்குறைய இதைத்தான் கேட்டார். ரமணர் எழுதிக் காட்டிய பதில்கள் பிற்பாடு 'நான் யார்?' என்ற சின்னப் புத்தகமாயின. அவர் கேள்வியை உள்பக்கம் திருப்பிவிட்டார். நாமெல்லாம் சாமானியர்கள். நம்மை வெளியே இருப்பவர்கள்தான் கேட்கிறார்கள். பேங்கில், ரேஷன் கடையில், கேஸ் ஏஜென்சியில். 'நீங்க யாரு? ப்ரூஃப் இருக்கா?'

என் பெரியம்மாவை இந்தக் கேள்வி எப்படிப் போய்ப் பிடித்தது என்று சொல்கிறேன்.

பெரியம்மாவுக்கு ஊர் காவாந்தண்டலம். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் பக்கம் போனால் மாகறலை ஒட்டி, செய்யாற்றங்கரையில் இருக்கிறது. பெரியப்பா போனபிறகு அங்கே தனியாகத்தான் இருக்கிறாள். சென்னைக்கு வா என்றால், 'வந்து? உங்க வீட்டு நாலாவது மாடியில நின்னுக்கினு என்னத்தப் பாக்கறது?' என்பாள். நியாயமான கேள்வி.

அவளுடைய பழைய பட்டன் போன் ஒருநாள் கொல்லைப்புறத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்துவிட்டது. யாரோ சொன்ன வைத்தியப்படி எடுத்துத் துடைத்து அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தாள். போன் பிழைக்கவில்லை. 'வாங்கிக்கலாம், வாங்கிக்கலாம்' என்று மாசங்கள் ஓடின. நான் ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. அதாவது, அத்தனை மாசமும் நான் அவளுக்குப் போனே பண்ணவில்லை என்பதும் அன்றைக்குத் தெரிந்தது. பெரியம்மா அதைச் சொல்லிக் காட்டவில்லை. காபி போட்டுக் கொடுத்தாள். சொல்லிக் காட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

பானைக்குள் கைவிட்டுப் போனை எடுத்தேன். உள்ளே சிம் கார்டு மட்டும் புத்தம் புதுசாக மினுக்கியது. என் போனில் போட்டுப் பார்த்தேன். 'சிம் பதிவு செய்யப்படவில்லை' என்றது. கார்டு உயிரோடுதான் இருக்கிறது. ஆனால், அது யாருமில்லை.

இங்கே கொஞ்சம் நின்று, இந்த நகத்தளவு வஸ்து என்னதான் செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

முதல் சிம் கார்டை 1991-ல் செய்தது ஜெர்மனியில் மூனிச் நகரத்துக் கம்பெனி, கீசெக் அண்ட் டெவ்ரியன்ட். அவர்களுடைய பூர்வீகத் தொழில் என்ன தெரியுமோ? கரன்ஸி நோட்டு அச்சடிப்பது! முதல் 300 கார்டுகளைப் பின்லாந்தின் ரேடியோலிஞ்சா என்ற போன் கம்பெனி வாங்கியது. அப்போது அது கிரெடிட் கார்டு சைஸில் இருந்தது. அப்புறம் விரல் நுனி அளவாகி, நகத்தளவாகி, இப்போது இ-சிம் என்ற பெயரில் போனுக்குள்ளேயே கரைந்துகொண்டிருக்கிறது. நம் நாட்டில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31. கல்கத்தாவிலிருந்து ஜோதிபாசு டில்லியில் இருந்த மத்திய மந்திரி சுக்ராமைக் கூப்பிட்டார். அந்தக் காலத்தில் வந்த காலுக்கும் நாம்தான் காசு கொடுக்க வேண்டும். அதனால் 'யார் பேசறது?' என்பதைக்கூட அவசர அவசரமாகக் கேட்டார்கள்.

பலரும் நினைப்பது நம் போன் நம்பர் சிம் கார்டுக்குள்தான் இருக்கிறது என்று. இல்லை. (சில கார்டுகளில் ஞாபகத்துக்குக் குறித்து வைத்திருப்பார்கள். அந்தக் குறிப்பை வைத்து ஒன்றும் நடப்பதில்லை.) கார்டில் இருப்பது 15 இலக்க எண் ஒன்று. அதில் முதல் மூன்று இலக்கம் தேசம். இந்தியா என்றால் 404 அல்லது 405. அடுத்தது கம்பெனி. மிச்சம் நீங்கள். இந்த 15 இலக்கக்காரருக்கு இன்ன பத்து இலக்க நம்பர் என்பது எழுதியிருப்பது கம்பெனியின் பதிவேட்டில்.

நான் பி.காம். படித்தவன். இது எனக்குச் சட்டென்று புரிந்தது. கையில் இருப்பது பாஸ்புக். கணக்கு இருப்பது பேரேட்டில். பேரேட்டில் ஒரு வரியை அடித்துவிட்டால் பாஸ்புக்கை வைத்து விசிறிக்கொள்ள வேண்டியதுதான்.

பெரியம்மாவுக்கு நடந்தது அதுதான். 90 நாள் ஒரு நம்பரில் எந்த உபயோகமும் இல்லையென்றால், கணக்கில் பணமும் இல்லையென்றால், கம்பெனி அதைத் துண்டிக்கலாம். துண்டித்தபின் குறைந்தது 90 நாள் காத்திருந்து வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். இது சம்பந்தமாக 2023 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் வரை போனார்கள். மறு ஒதுக்கீட்டைத் தடுக்க முடியாது, பழைய சந்தாதாரர்தான் தன் விவரங்களை முன்கூட்டியே நீக்கிக்கொள்ள வேண்டும் என்றது கோர்ட். 2006 வாக்கில் 999 ரூபாய்க்கு 'லைஃப்டைம்' என்று விற்றார்களே, ஞாபகம் இருக்கிறதா? யாருடைய லைஃப் என்று அப்போது யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

சரி, நம்பர் இல்லை. கார்டில் வேறென்ன இருக்கிறது? ஒரு ரகசியம் இருக்கிறது. 128 பிட் நீளமுள்ள ஓர் எண். சாதாரணமாக எழுதினால் 39 இலக்கம் வரை போகும். உலகத்தில் அது இரண்டே இடத்தில்தான் உண்டு. உங்கள் சிம்மில் ஒன்று, கம்பெனியின் பெட்டகத்தில் ஒன்று. உங்களுக்கே அது தெரியாது.

நீங்கள் போனை ஆன் செய்ததும் நெட்வொர்க் 'யார் பேசறது?' என்கிறது. சிம் 'நான்தான்' என்கிறது. 'நீதான் என்பதற்கு என்ன சாட்சி?' இப்போது ரகசிய எண்ணைச் சொன்னால் காற்றில் யாராவது கேட்டுவிடுவார்கள். அதனால் ஒரு தந்திரம் வைத்தார்கள்.

இரண்டு வீட்டில் ஒரே குழம்புப் பொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்குவம் அந்த இரண்டு வீட்டுக்கு மட்டும்தான் தெரியும். ஒரு வீட்டுக்காரர் அடுத்த வீட்டுக்கு ஒரு காய் கொடுத்தனுப்புகிறார். இன்றைக்கு முருங்கை, நாளைக்குக் கத்தரி. எது வரும் என்று முன்கூட்டித் தெரியாது. வந்த காயில் குழம்பு வைத்து ஒரு கிண்ணம் திருப்பி அனுப்ப வேண்டும். அவரும் அதே காயில் வைத்துப் பார்ப்பார். ருசி ஒத்துப்போனால், ஆசாமி அசல். வழியில் ஒருவன் கிண்ணத்தைத் திருடினாலும் இன்றைய குழம்புதான் அவனுக்குக் கிடைக்கும். பக்குவம் கிடைக்காது.

சிம்மும் நெட்வொர்க்கும் செய்வது இதுதான். காய்க்குப் பதில் ஒரு குருட்டாம்போக்கு எண் வரும். ரகசியத்தோடு சேர்த்துக் கணக்குப் போட்டு விடையை மட்டும் அனுப்பும். முதல் பொடியில் கோளாறு இருந்தது என்பது 1998-ல் தெரிந்தது. அமெரிக்காவில் பெர்க்லி ஆராய்ச்சியாளர்களும் இன்னொரு நண்பருமாகச் சேர்ந்து, ஒரு கார்டை ஒன்றரை லட்சம் தடவை போலக் கேள்வி கேட்டே பக்குவத்தைக் கறந்துவிட்டார்கள். அப்புறம் பொடியை மாற்றினார்கள். தந்திரம் மாறவில்லை. பேங்கில் நாம் போடும் கையெழுத்தைவிட இது உசத்தி. கையெழுத்தை ஒரு தடவை பார்த்தவன் பழகிக்கொள்ளலாம்.

இவ்வளவு புத்திசாலித்தனத்தையும் மனதில் வைத்துக்கொண்டு என்னோடு பேங்குக்கு வாருங்கள்.

கவுன்ட்டரில் இருந்தவர் பெரியம்மாவை இருபது வருஷமாக அறிந்தவர். 'வாங்க பெரியம்மா, முட்டி வலி தேவலையா?' என்று விசாரித்தார். பெரியம்மாவுக்குச் சந்தோஷம். புது சிம் வாங்கியாகிவிட்டது, நம்பரை மாற்ற வேண்டும் என்றேன்.

'ஆகட்டும் சார். பழைய நம்பருக்கு ஒரு ஓ.டி.பி. போகும். அதைச் சொன்னீங்கன்னா மாத்திடலாம்.'

'பழைய நம்பர் போயிடுச்சுன்னுதானே வந்திருக்கோம்?'

'புரியுது சார். சிஸ்டம் கேக்குதே.'

விரல் ரேகை வைத்துப் பார்க்கலாம் என்றார். வாழ்நாளெல்லாம் நாற்று நட்டு, களை பறித்து, சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்த்த விரல். மெஷின் மூன்று தடவை உதட்டைப் பிதுக்கியது.

பெரியம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குனிந்து கேட்டாள். 'ஏம்பா, முட்டி வலி தேவலையான்னு கேட்டியே, அது யாரு முட்டின்னு நெனச்சிக்கினு கேட்ட?'

அவர் நெளிந்தார். அவரைத் திட்டுவதற்கில்லை. 'எனக்குத் தெரிஞ்ச அம்மா' என்று சொல்லி யார் வேண்டுமானாலும் யார் கணக்கை வேண்டுமானாலும் திறக்கலாம் என்றால், பெரியம்மாவின் பணம் என்றைக்கோ போயிருக்கும். முகத்தை நம்பாத சிஸ்டம் அவளுக்கும் ஒரு காவல்தான். இதை அவளிடம் சொன்னேன். 'காவல்காரன் வீட்டுக்காரியவே வுடமாட்டேங்கறானே' என்றாள்.

வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, சும்மாதான், அந்தப் பழைய நம்பரைப் போட்டுப் பார்த்தேன். மணி அடித்தது. ஒரு பையன் எடுத்தான்.

'யார் பேசுதது?'

தென்காசிப் பக்கம். ஒரு ஹோட்டலில் வேலை பார்க்கிறானாம். பேரேட்டில் அந்த வரி இப்போது அவனுடையது. விஷயத்தைச் சொன்னேன். அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது! பெரியம்மா கணக்கில் பணம் ஏறினால் அவனுக்கு மெசேஜ். கேஸ் வந்தால் அவனுக்கு மெசேஜ். ரேஷன் கடையில் அரிசி இத்தனை கிலோ என்று அவனுக்கு மெசேஜ்.

'ரெண்டு மாசமா சீனி வாங்கல அண்ணாச்சி அந்த அம்மா. சுகர் கிகர் வந்துட்டுதோ?' என்று கேட்டான்.

எனக்குச் சுருக்கென்றது. சொந்தப் பெரியம்மா சீனி வாங்காதது எனக்குத் தெரியாது. தென்காசிக்குத் தெரிந்திருக்கிறது.

'யார்ட்ட சொல்லணும்னே தெரியல, அண்ணாச்சி. அழிக்கவும் மனசில்ல' என்றான். சரி, நல்ல பையன், ஓ.டி.பி. வந்தால் சொல்லச் சொல்லலாம் என்று பேச்சை எடுத்தேன். சட்டென்று குரல் மாறியது.

'அதெப்படி அண்ணாச்சி? நீங்க அந்த அம்மாவுக்குச் சொந்தம்னு நான் எப்படி நம்புதது?'

என்னிடம் ஆதார் இருக்கிறது, பிரஸ் கார்டு இருக்கிறது, பான் கார்டு இருக்கிறது. போனில் எதைக் காட்டுவது? அவன் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான். 'ஒரு பொம்பளையாளு இந்த நம்பருக்கு அடிக்கடி போன் பண்ணி அந்த அம்மாவக் கேக்காங்க. எந்த ஊரு, எந்தக் கிழமையில பண்ணுவாங்க? அந்த அம்மாட்ட கேட்டுச் சொல்லுங்க பாப்போம்.'

பெரியம்மாவைக் கேட்டேன். 'ஆரணி. என் நாத்தனா. ஞாயித்துக்கெழம மட்டுந்தான் பண்ணும். மத்த நாள்ல தறி' என்றாள்.

'சரியாப் போச்சு' என்றான் பையன். 'இப்ப நம்புதேன்.'

மறுபடி கவுன்ட்டர். ஓ.டி.பி. தென்காசிக்குப் போயிற்று. பையன் படித்தான். 'இந்த எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று மெசேஜின் கடைசியில் இருந்ததையும் சேர்த்துப் படித்துக் காட்டினான். சிஸ்டம் திருப்தி அடைந்தது. பெரியம்மா பெரியம்மாதான் என்று ஒத்துக்கொண்டது. இருபது வருஷம் பழகியவர் சொல்லி நம்பாத சிஸ்டம், அவளைக் கண்ணால் பார்க்காதவன் சொல்லி நம்பியது. அவன் நல்லவனாக இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். அதற்கு எந்த மெஷினிலும் சோதனை கிடையாது. சிம்மை வைத்துக் கார்டு அசலா என்று பார்க்கலாம். அதை வைத்திருக்கும் ஆள் அசலா என்று பார்க்க முடியாது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தப் பையன் செய்ததையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் செய்தது சிம் கார்டு செய்கிற அதே வேலை. ரகசியத்தைக் கேட்கவில்லை. ஒரு காய் அனுப்பினான், குழம்பு வந்தது, ருசி பார்த்தான். அதைவிட முக்கியம், கேள்வி கேட்க வந்தவனையே திருப்பிக் கேள்வி கேட்டான்.

இதைத்தான் செல்போனைக் கட்டியவர்கள் முதலில் மறந்துவிட்டார்கள்! 2ஜி என்று சொல்கிறோமே, அதில் நெட்வொர்க் நம்மைச் சோதிக்கும். நம் போன் நெட்வொர்க்கைச் சோதிக்காது. 'நீ யார்?' என்று டவர் கேட்டால் பதில் சொல்ல வேண்டும். 'அதைக் கேக்க நீ யார்?' என்று கேட்க அதற்குத் தெரியாது. அதனால் ஒரு போலி டவரை எவனாவது வைத்தால், போன் கைகட்டி நின்று பதில் சொல்லிவிடும். இதைச் சரி செய்தது 3ஜி. டில்லிக்கு 2008 கடைசியிலும் சென்னைக்கு 2009-லும் வந்தது. அதில் டவர் கேள்வியோடு சேர்த்துத் தன் அத்தாட்சியையும் அனுப்ப வேண்டும். சிம் முதலில் அதைச் சரிபார்க்கும். பொருந்தவில்லையா? பதில் கிடையாது. நாம் என்னவோ 3ஜி என்றால் படம் சீக்கிரம் இறங்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அதற்குள்ளே இப்படி ஒரு தர்ம நியாயமும் இருந்தது. சந்தேகப்படுகிற உரிமை இரண்டு பக்கத்துக்கும் உண்டு.

பெரியம்மா ஊருக்குப் பக்கத்தில், உத்திரமேரூரில், இதே நியாயத்தைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919-லும் 921-லும். ஊரை 30 குடும்பாகப் பிரித்து, தகுதியுள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் தெரியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். நாம் சரியாகப் படிக்காமல் விட்டது தகுதிப் பட்டியலை. வயது 35-க்கு மேல் 70-க்குள். சொந்த மனையில் வீடு. வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்துக்குள் போகக் கூடாது. அவன் சொந்தக்காரன் பெயரும் கூடாது!

அங்கே 'நீ யார், நிரூபி' என்று கேட்கப்பட்டவன் யார் பாருங்கள். அதிகாரத்துக்கு வரப்போகிறவன். ஏரியையும் தோட்டத்தையும் பொன்னையும் கையாளப்போகிறவன். ரொம்பவும் பூரித்துப்போக வேண்டாம். அது நிலம் வைத்திருந்த பிராமண சபையாருக்கான ஏற்பாடு. வயலில் இறங்கியவர்களுக்கு அதில் இடமில்லை. என் பெரியம்மாவுக்கு அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. ஆனாலும், கேள்வியின் திசை சரி. அதிகாரம் உள்ளவனைப் பார்த்துக் கேட்டது.

ஆயிரத்து நூறு வருஷம் கழித்து நாம் எங்கே நிற்கிறோம்? போன் அடிக்கிறது. 'நான் போலீஸ் பேசறேன். உங்க பேர்ல ஒரு பார்சல் மாட்டியிருக்கு. கேமரா முன்னாடியே உக்காருங்க. இது டிஜிட்டல் அரெஸ்ட்.' படித்தவர்கள், பெரிய உத்தியோகம் பார்த்து ரிட்டயரானவர்கள், கைகட்டி உட்கார்ந்து பணத்தை அனுப்பியிருக்கிறார்கள். டிஜிட்டல் அரெஸ்ட் என்று சட்டத்திலேயே ஒன்று கிடையாது என்று 2024 அக்டோபரில் பிரதமரே ரேடியோவில் சொல்ல வேண்டிவந்தது. ஏன் ஏமாறுகிறார்கள்? பேராசை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். என் எண்ணம் வேறு. அதிகாரக் குரலுக்குப் பதில் சொல்லியே பழக்கப்பட்டவர்கள் நாம். ஒவ்வொரு கவுன்ட்டரிலும் நம்மை நிரூபித்து, நிரூபித்து, எதிரே இருப்பவனை நிரூபிக்கச் சொல்லும் வழக்கமே விட்டுப்போய்விட்டது. நாம் இன்னும் 2ஜி சிம்.

திருப்பிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று வளர்த்துவிட்டார்கள். அது மரியாதைக் குறைவு இல்லை. நியாயமாகக் கேட்பவன் கோபித்துக்கொள்ள மாட்டான். தென்காசிப் பையன் என்னைக் கேட்டபோது எனக்கு ஒரு நொடி சுர்ரென்றுதான் வந்தது. அடுத்த நொடி, இவனை நம்பலாம் என்று தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவனிடம் ரகசியத்தைக் கொடுத்தால், அவன் அடுத்தவனையும் அப்படித்தானே நம்புவான்?

அதற்காக வாசலுக்கு வருபவர்களையெல்லாம் குறுக்கு விசாரணை செய்யச் சொல்லவில்லை. கொடுக்கல் வாங்கலில் மட்டும் போதும். எவ்வளவு கேட்கிறாயோ அவ்வளவு காட்டு. பேங்க் என்றால், வைத்துவிட்டுப் பாஸ்புக்கில் இருக்கிற நம்பருக்கு நாமே கூப்பிடுவோம். போலீஸ் என்றால், எந்த ஸ்டேஷன், நேரில் வருகிறேன் என்போம். நம் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பார்க்க 2023-லிருந்து வசதி இருக்கிறது. அதுவும் ஒருவகையில் பேரேட்டைத் திருப்பிக் கேட்பதுதான்.

ஊருக்கு வந்த மறு ஞாயிறு, இனிமேல் வாரம் ஒரு தடவை பேசுவது என்ற தீர்மானத்தோடு பெரியம்மாவின் புது நம்பருக்குப் போன் செய்தேன்.

'யார் பேசறது?'

'நான்தான் பெரியம்மா.'

'நான்தான்னா? எல்லாரும் நான்தான். உங்கம்மா கல்யாணத்துக்கு நான் எடுத்துக் குடுத்த பொடவை இன்னா கலரு, சொல்லு?'

எனக்குத் தெரியவில்லை. வைத்துவிட்டு, அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு மறுபடி கூப்பிட்டேன்.